யாரும் உட்காராத நாற்காலி

(சேலம் மாவட்டம், ஏற்காடு மலையிலுள்ள மாரமங்கலத்தில் ஆசிரியர் கூடுகை ஒன்றில் ஓவிய ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு ‘ஓவியத்தில் உணர்ச்சி வெளிப்பாடு’. ஒரு மணி நேரத்துக்குள் அடங்குகிற தலைப்பு அல்ல. அதனால் அதை ஒரு மேசையின் அளவுக்குக் குறுக்கிக்கொள்கிறேன். மேசைமேல் இருக்கும் சாதாரணப் பொருள்கள், அவற்றை வரைவது, வரையும்போது மனம் எப்படி அதற்குள் வந்து சேர்கிறது என்பது. அவ்வளவுதான் இன்றைய பேச்சு.

அந்த மேசை உங்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு பானை, பக்கத்தில் இரண்டு கத்தரிக்காய், சற்றுத் தள்ளி ஒரு டம்ளர். பிள்ளைகள் பென்சிலை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, அளவெடுப்பார்கள். நடுக்கோடு போடுவார்கள். பானையின் வாய் நம் கண்ணுக்கு வட்டமாகத் தெரியாது, நீள்வட்டமாகத் தெரியும் என்று சொல்லித்தருவோம். இடப்பக்கம் வெளிச்சம், வலப்பக்கம் நிழல். அரசுத் தொழில்நுட்பத் தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்த எங்களைப் போன்றவர்களுக்கு ‘மாடல் டிராயிங்’ என்று சொன்னாலே இந்த மேசைதான் கண்முன் வரும்.

இது நேற்று வந்த பழக்கம் அல்ல. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியின் வேர் அது. கைத்தொழில் செய்பவர்களுக்குக் கண்ணும் கையும் பழக வேண்டும், செய்கிற பொருள் அளவு பிசகாமல் வர வேண்டும் என்பது அந்தக் காலத்து நோக்கம். பள்ளி ஓவிய வகுப்பில் இன்றும் நாம் பிடித்துக்கொண்டிருக்கும் அளவுக்கோல் அந்த மரபில் வந்தது. அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. அளவு தெரியாத கை எதையும் சொல்ல முடியாது. ஆனால் அதே மேசையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அதை நாம் எடுப்பதே இல்லை.

உணர்ச்சியை வரை என்று சொன்னால் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? கலைத் திருவிழாவுக்கு நடுவராகப் போனவர்கள் சொல்லுங்கள். பூமிப்பந்து அழும். மரம் அழும். வெட்டுப்பட்ட இடத்தில் ரத்தம் சொட்டும். கண்ணீர்த்துளி இல்லாமல் துக்கம் இல்லை, பல் தெரியாமல் மகிழ்ச்சி இல்லை. பிள்ளைகள் மேல் தப்பில்லை, உணர்ச்சி என்பது முகத்தில் மட்டும்தான் இருக்கிறது என்று அவர்களுக்கு நாம்தான் பழக்கியிருக்கிறோம்.

முகமே இல்லாமல், ஆளே இல்லாமல், ஒரு நாற்காலியையோ ஒரு தட்டு வெங்காயத்தையோ வைத்து மனத்தைச் சொல்லலாம் என்று காட்டியவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சில் வேலை செய்த சில ஓவியர்கள். அவர்களுக்கு முன்னால் இம்ப்ரஷனிஸ்டுகள் வந்திருந்தார்கள். அந்த நொடியில் பொருள்மேல் விழும் வெளிச்சத்தைப் பிடிப்பது அவர்களுடைய அக்கறை. பின்னால் வந்தவர்களுக்கு அது போதவில்லை. செசானுக்குப் பொருளின் திண்மை வேண்டியிருந்தது. வான் கோவுக்கு, கோகெனுக்கு, கண் பார்ப்பதோடு மனம் பார்ப்பதும் வேண்டியிருந்தது. இவர்கள் ஒரு குழுவாகச் சங்கம் வைத்துக்கொண்டவர்கள் அல்லர். ரோஜர் ஃப்ரை என்ற ஆங்கிலேய விமர்சகர் 1910-இல் லண்டனில் இவர்களுடைய படங்களை வைத்துக் கண்காட்சி நடத்தியபோது வசதிக்காக ‘போஸ்ட் இம்ப்ரஷனிஸ்ட்’ என்று பெயர் வைத்தார். தமிழில் ‘பின் மனப்பதிவியம்’ என்கிறார்கள். பெயரை மறந்தாலும் பரவாயில்லை. கண்காட்சிக்கு வந்த கூட்டத்தில் பாதிப்பேர் சிரித்தார்கள், மீதிப்பேர் கோபப்பட்டார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் வான் கோ, கோகென், செசான் மூவருமே உயிரோடு இல்லை.

வின்சென்ட் வான் கோ நம்மவர். ஆசிரியர் என்ற பொருளில் சொல்கிறேன். 1876-இல், 23 வயதில், இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் என்ற கடலோர ஊரில் ஒரு சிறிய விடுதிப் பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்தார். சோறும் தங்க இடமும் உண்டு, சம்பளம் கிடையாது. அந்தப் பள்ளி ஜன்னலிலிருந்து தெரிந்த தெருவை ஒரு சின்னத்தாளில் வரைந்திருக்கிறார், அது இன்றும் இருக்கிறது. பிறகு பெல்ஜியத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் நடுவே சமயப் பணி. அதிலும் நிலைக்கவில்லை. ஓவியம்தான் வழி என்று முடிவெடுத்தது 1880-இல். 1890 ஜூலை 29-இல் இறந்துவிட்டார், வயது 37. நடுவில் கிடைத்தது பத்தே ஆண்டு. அவர் எழுதிய கடிதங்கள் 800-க்கு மேல் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலானவை தம்பி தியோவுக்கு எழுதியவை. அதனால்தான் எந்தப் படத்தை எந்த மனநிலையில் தீட்டினார் என்று நம்மால் ஓரளவு உறுதியாகப் பேச முடிகிறது.

அவருடைய தந்தை ஒரு பாதிரியார். மகனுக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1885 மார்ச்சில் தந்தை திடீரென்று இறந்துபோனார். அதே ஆண்டு அக்டோபரில் வான் கோ ஒரு படம் தீட்டினார். மேசைமேல் தந்தையின் பெரிய பைபிள், கனத்த தாள்களோடு விரிந்து கிடக்கிறது. பக்கத்தில் அணைந்துபோன ஒரு மெழுகுவர்த்தி. முன்னால், மேசையின் ஓரத்தில், எமில் ஜோலா எழுதிய நாவல் ஒன்று, மஞ்சள் அட்டை, படித்துப் படித்து முனை மடங்கியது. அவ்வளவுதான் படம். தந்தை படித்தது பெரிய புத்தகம், மகன் படித்தது சின்னப் புத்தகம். தந்தையின் புத்தகம் சாம்பலும் பழுப்புமாக இருக்கிறது, மகனுடையது எலுமிச்சை மஞ்சள். இரண்டும் ஒரே மேசையில், ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் நடந்த சண்டையை இரண்டு ஆள்களை வரைந்து கைநீட்டிப் பேச வைத்திருந்தால் இவ்வளவு கனம் வந்திருக்காது என்பது என் எண்ணம். மரியாதையும் இருக்கிறது, விலகலும் இருக்கிறது, இழப்பும் இருக்கிறது. மூன்றையும் ஒரு முகத்தில் வரைவது கடினம்.

அந்தக் காலத்தில் அவர் வரைந்தவற்றில் உருளைக்கிழங்குக் கூடைகள் உண்டு, மண்ணிலிருந்து அப்போதுதான் கிண்டி எடுத்தது போன்ற நிறத்தில். பறவைக் கூடுகளும் உண்டு. விதவிதமான கூடுகளைச் சேகரித்து வைத்திருந்து, 1885 இலையுதிர் காலத்தில் அவற்றைத் திரும்பத் திரும்ப வரைந்தார். இந்த மலைப்பள்ளிகளில் பாடம் எடுப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பறவைகள் விட்டுப்போன கூட்டை எடுத்துவந்து மேசையில் வைக்கும் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் உண்டு. பானைக்குப் பதில் அதை வைத்துப் பாருங்கள்.

இப்போது நாற்காலிக்கு வருகிறேன்.

1888-இல் வான் கோ தெற்குப் பிரான்சில் ஆர்ல் என்ற ஊரில் ஒரு மஞ்சள் வீட்டை வாடகைக்கு எடுத்தார். ஓவியர்கள் சேர்ந்து வாழ்ந்து வேலை செய்யும் இடமாக அதை ஆக்க வேண்டும் என்பது அவர் கனவு. முதலில் வரப்போகிறவர் கோகென். அவருக்கான அறையை அலங்கரிக்கத்தான் அந்த ஆண்டு ஆகஸ்டில் சூரியகாந்திப் படங்களைத் தீட்டினார். பூ சீக்கிரம் வாடிவிடும் என்பதால் காலையில் எழுந்தவுடன் தொடங்கி வேகவேகமாக. அந்த வரிசையில் மிகப் புகழ்பெற்ற படத்தில் பூவும் மஞ்சள், ஜாடியும் மஞ்சள், பின்சுவரும் மஞ்சள். விருந்தாளிக்காக வீட்டை மெழுகிக் கோலம் போடுகிற மனம் அது. வண்ணப்பெட்டியில் இருப்பதையெல்லாம் எடுக்காமல் ஒரே நிறத்தின் பல படிகளை வைத்துக்கொண்டு அந்த மகிழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார்.

அக்டோபர் 23-இல் கோகென் வந்தார். இரண்டு மாதத்துக்கு மேல் இருவரும் சேர்ந்து இருக்க முடியவில்லை. நவம்பரில், உரசல் தொடங்கியிருந்த நேரத்தில், வான் கோ இரண்டு நாற்காலிகளைத் தனித்தனிப் படங்களாகத் தீட்டினார். ஒன்று அவருடையது. வைக்கோல் பின்னிய இருக்கை, முரட்டு மரம், மஞ்சள் நிறம், கைப்பிடி இல்லை. சிவப்பு ஓடு பதித்த தரை. நல்ல பகல் வெளிச்சம். இருக்கையின் மேல் அவருடைய சுங்கானும் புகையிலைப் பொட்டலமும். பின்னால் ஒரு பெட்டியில் முளைவிட்ட வெங்காயம். அந்தப் பெட்டியில்தான் ‘வின்சென்ட்’ என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார். மற்றது கோகெனுடையது. கைப்பிடி வைத்து வளைந்த, நேர்த்தியான நாற்காலி. இரவு நேரம். பச்சைச் சுவர், சிவப்பு கலந்த தரைவிரிப்பு. இருக்கையின் மேல் எரிகிற மெழுகுவர்த்தி, இரண்டு நாவல்கள். ஒருவர் மண், மற்றவர் கற்பனை. ஒருவர் பகல், மற்றவர் இரவு. டிசம்பர் 23 இரவு வான் கோவுக்கு மனம் முறிந்து தன் காதையே அறுத்துக்கொண்டார். கோகென் ஊரைவிட்டுப் போய்விட்டார். பிற்பாடு, 1890-இல் ஒரு விமர்சகருக்கு எழுதிய கடிதத்தில், கோகெனின் நாற்காலியில் தான் தீட்ட முயன்றது அவர் இல்லாத அந்த வெற்றிடத்தைத்தான் என்று வான் கோவே விளக்கியிருக்கிறார்.

இதைத் தமிழாசிரியர்கள் எனக்கு முன்பே புரிந்துகொண்டிருப்பீர்கள். தொல்காப்பியம் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று பிரிக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்தில் கிடக்கிற மரம், பூ, பறவை, உணவு, பறை எல்லாம் கருப்பொருள். மனத்தின் நிலைதான் உரிப்பொருள். தலைவி தன் வருத்தத்தை நேராகச் சொல்லமாட்டாள், சுனையையும் குரங்கையும் பலாப்பழத்தையும் சொல்வாள். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் இலக்கணத்தில் சொல்வது இதைத்தான். பகல் என்ற பொழுது, ஓடு பதித்த தரை என்ற இடம், சுங்கான் வெங்காயம் என்ற கருப்பொருள், அவற்றின் அடியில் தனிமை என்ற உரிப்பொருள். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சங்கப் புலவருக்கும் கேட்பவருக்கும் எந்தப் பூ எந்த உணர்ச்சிக்கு என்று முன்பே ஓர் ஒப்பந்தம் இருந்தது. வான் கோவுக்கு அப்படி ஒப்பந்தம் எதுவும் இல்லை. எந்தப் பொருள் தன் மனத்தைச் சுமக்கும் என்று அவரே தேட வேண்டியிருந்தது. நம் வகுப்புப் பிள்ளைகளும் அந்த நிலையில்தான் இருக்கிறார்கள். குறிஞ்சித் திணையில் உட்கார்ந்துகொண்டு இதைப் பேசுவது எனக்குத் தனி மகிழ்ச்சி.

மருத்துவமனையிலிருந்து 1889 ஜனவரியில் வீடு திரும்பியதும் அவர் தீட்டிய படங்களில் ஒன்று மீண்டும் ஒரு மேசை. வரைபலகை, அதன்மேல் ஒரு தட்டில் வெங்காயம், சுங்கான், புகையிலை, எரிகிற மெழுகுவர்த்தி, அரக்கு, ஒரு கடித உறை, ஒரு வீட்டு மருத்துவப் புத்தகம். நோயிலிருந்து எழுந்தவர் கணக்குப் பார்ப்பதுபோல இருக்கும். சாப்பிட இது, புகைக்க இது, உடம்புக்கு இது, தம்பிக்கு எழுத இது, வேலை செய்ய இது. நாற்காலிப் படத்தில் பின்னால் பெட்டிக்குள் இருந்த வெங்காயம் இங்கே நடுவுக்கு வந்துவிட்டது, பச்சையாக முளைவிட்டிருக்கிறது. நான் பிழைத்துக்கொள்வேன் என்று ஒரு மனிதன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாகவே இதை நான் பார்க்கிறேன். கட்டுப்போட்ட காதோடு அவர் வரைந்த தன்னுருவப் படங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னைக் கேட்டால் இந்த வெங்காயம் அவற்றைவிட அதிகம் சொல்கிறது.

கோகெனைப் பற்றி ஒரு செய்தி. வான் கோ இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1901-இல், பசிபிக் தீவில் இருந்த கோகென் சூரியகாந்திகளை வரைந்தார். அந்த மண்ணில் அது இயல்பாக விளையும் பூ அல்ல. பிரான்சிலிருந்து விதை வரவழைத்துப் பயிர்செய்து வரைந்தார். அந்தப் பூக்களை அவர் வைத்தது ஜாடி வைக்கும் மேசையில் அல்ல, ஒரு நாற்காலியின் மேல். அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

செசான் வேறு மாதிரி மனிதர். அவரிடம் இப்படிக் கதை கிடைக்காது. மணிக்கணக்கில் பார்த்து ஒரு தீற்று வைப்பார். அவர் வரைந்து முடிப்பதற்குள் பழங்கள் கெட்டுப்போகும், பூக்கள் வாடும், அதனால் காகிதப் பூவை வைத்தும் வரைந்திருக்கிறார். ‘ஆப்பிள் கூடை’ என்று ஒரு படம், 1893-ஐ ஒட்டித் தீட்டியது, சிகாகோவில் இருக்கிறது. மேசையின் முன்விளிம்பு இடப்பக்கம் ஒரு உயரத்தில் தொடங்கும், துணிக்கு அடியில் மறைந்து வலப்பக்கம் வேறு உயரத்தில் வெளிவரும். இரண்டும் ஒரே கோட்டில் சேராது. புட்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். கூடை முன்னால் கவிழ்வதுபோல இருக்கும். பழங்கள் உருண்டு நம் மடியில் விழப்போகின்றன என்று தோன்றும், ஆனால் ஒன்றுகூட விழாது. நம் வகுப்பில் ஒரு மாணவி இப்படி வரைந்தால் என்ன செய்வோம்? ரப்பரைக் கையில் கொடுப்போம். ஸ்கேலை எடுப்போம். செசான் கோடு போடத் தெரியாதவர் அல்லர். ஒவ்வொரு பொருளையும் அது தனக்கு எப்படிக் கனத்ததோ அப்படி, ஒவ்வொரு இடத்திலிருந்து பார்த்து வைத்தார். படத்தில் கண்ணீரும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆனால் ஒரு பதற்றம் இருக்கிறது, அந்தப் பதற்றத்தை அடக்கி நிறுத்தியிருக்கும் ஓர் உறுதியும் இருக்கிறது. உணர்ச்சி என்றால் பொங்கி வழிவது மட்டும் அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியாது.

ஆப்பிள் ஏன்? அவர் இளம் நண்பர் காஸ்கே எழுதி வைத்திருக்கும் நினைவுக்குறிப்பில் ஒரு பதில் இருக்கிறது. பள்ளியில் செசானுக்குக் கீழ்வகுப்பில் ஒரு மெலிந்த பையன், மற்ற பிள்ளைகள் ஒதுக்கிவைத்துக் கேலி செய்வார்கள். செசான் அந்தப் பையனோடு பேசினதற்காக அடிபட்டார். மறுநாள் அந்தப் பையன் ஒரு கூடை ஆப்பிளோடு வந்து நின்றான். அந்தப் பையன்தான் பின்னாளில் நாவலாசிரியரான எமில் ஜோலா. முதிய வயதில் செசான் இப்படிச் சொன்னதாகக் காஸ்கே எழுதுகிறார். காஸ்கே கொஞ்சம் அலங்காரமாக எழுதக்கூடியவர்தான். இருந்தாலும் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நாம் இந்தக் கதையை நம்ப விரும்புவதில் தப்பில்லை.

இதெல்லாம் ஐரோப்பியச் சங்கதி, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் மாநிலத்துக்கு இது வந்து சேர்ந்த பாதை ஒன்று உண்டு. கோயம்புத்தூரில் 1911-இல் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைப்பள்ளியில் படித்தார், அங்கேயே ஆசிரியரானார், 1957-இல் முதல்வரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். 1950-களின் தொடக்கத்தில் அவர் தீட்டிய படங்களில் வான் கோவின் தூரிகை வீச்சும் நிறமும் தெரியும் என்று விமர்சகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர் அங்கேயே நின்றுவிடவில்லை என்பதுதான் முக்கியம். வான் கோவைப் போல வரைவது வான் கோ செய்த வேலை ஆகாது, அவரவர் வீட்டில் கிடக்கும் பொருளை அவரவர் மனத்தோடு பார்ப்பதுதான் அது. 1963-இலிருந்து பணிக்கர் ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற வரிசையைத் தீட்டினார். ஜாதகத் தாளைப் போல, கணக்கு நோட்டைப் போலக் கட்டமும் எண்ணும் எழுத்தும் நிறைந்த படங்கள். எழுத்து போலத் தெரியும், படிக்க முடியாது. நம் ஊர் அலமாரியில் மஞ்சள் தடவி மடித்து வைத்திருக்கும் ஒரு தாளின் மேல் நமக்கிருக்கிற பயமும் நம்பிக்கையும் அந்தப் படங்களில் வந்துவிடுகின்றன. 1966-இல் அவர் முன்னின்று சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. ஓவியர்கள் சேர்ந்து வாழும் இடம் என்று ஆர்லில் இரண்டு மாதத்தில் கலைந்த கனவு இங்கே நிலைத்தது, பத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று அவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப்போகும் பள்ளிகள் கடற்கரையோடும் முதலைப் பண்ணையோடும் திரும்பிவிடாமல் அங்கேயும் ஒரு மணி நேரம் நிறுத்தலாம்.

இனி வகுப்பறை. சில ஆண்டுகளுக்கு முன் ‘என் வீட்டில் ஒரு பொருள்’ என்ற தலைப்பில் பிள்ளைகள் வரைந்த ஒரு கட்டுத் தாள் என் பார்வைக்கு வந்தது. வழக்கம்போல டி.வி., பூந்தொட்டி, பீரோ. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்தது கைபேசி சார்ஜர். தாளின் நடுவில் சுவர், சுவரில் பிளக், அதிலிருந்து ஒயர் கீழே தொங்குகிறது, முனையில் கைபேசி இல்லை. சுவர் முழுக்கக் கருநீலம். சிவப்புப் புள்ளியாக ஒரு சின்ன விளக்கு மட்டும் எரிகிறது. மேலே சிவப்பு மையில் ‘படம் முழுமை பெறவில்லை’ என்று எழுதி, பத்துக்கு நான்கு மதிப்பெண் போடப்பட்டிருந்தது. வகுப்பாசிரியரிடம் கேட்டபோது, அவன் அப்பா மிளகு பறிக்கும் வேலைக்குக் கேரளா பக்கம் போயிருப்பதாகவும், வீட்டில் இருந்த ஒரே கைபேசியை அவர் எடுத்துப் போயிருப்பதாகவும் சொன்னார்.

இந்த மலையிலும் சுற்றுவட்டாரத்திலும் வேலை தேடிக் கீழே இறங்கும் குடும்பங்கள் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். மாதக்கணக்கில் பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் உண்டு. வீட்டில் பேசும் பேச்சுக்கும் வகுப்பில் பேசும் தமிழுக்கும் நடுவில் தயங்கி, வாயே திறக்காமல் ஐந்தாம் வகுப்பு வரை வந்துவிடும் பிள்ளைகள் உண்டு. ‘என் தந்தை’ என்று பத்து வரிக் கட்டுரை கேட்டால் ‘என் தந்தை மிகவும் நல்லவர்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடும் பிள்ளை, ஒயரை வரையும்போது அதைவிட நிறையச் சொல்கிறது. நாம் ரப்பரோடும் சிவப்பு மையோடும் நிற்கும்போது அது கண்ணில் படுவதில்லை.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். வான் கோ 1886-இல் பாரிஸில் ஒரு ஜோடி தேய்ந்த காலணிகளை வரைந்தார். ஜெர்மன் தத்துவவாதி ஹைடெகர் 1930-களில் ஓர் உரையில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, வயலில் உழைக்கும் ஒரு குடியானவப் பெண்ணின் வாழ்க்கை முழுவதையும் அந்தக் காலணிகளின் இருட்டுக்குள் கண்டார். படிக்க மிக அழகாக இருக்கும். 1968-இல் கலை வரலாற்றாசிரியர் மேயர் ஷபீரோ மறுப்பு எழுதினார். அது குடியானவப் பெண்ணின் காலணி அல்ல, அப்போது நகரத்தில் இருந்த ஓவியரின் சொந்தக் காலணி, ஹைடெகர் தன் மனத்தில் இருந்ததைப் படத்தில் ஏற்றிவிட்டார் என்றார். வான் கோவோடு படித்த ஒருவரின் நினைவுக்குறிப்போ, பழைய பொருள் சந்தையில் வாங்கிய காலணி அது, சேறு படிய மழையில் நடந்துவிட்டு வந்து அவர் வரைந்தார் என்கிறது. உலகின் பெரிய மூளைகளே ஒரு ஜோடி செருப்பைப் பார்த்து இப்படி முட்டிக்கொண்டன. சார்ஜர் வரைந்த பையனைக் கூப்பிட்டு, ‘அப்பாவை நினைத்துத்தானே வரைந்தாய்?’ என்று வகுப்பின் முன்னால் கேட்க நமக்கு என்ன உரிமை? அது வெறும் சார்ஜராகவும் இருக்கலாம். அப்பாதான் காரணமாக இருந்தாலும், சொல்ல முடியாததால்தான் வரைந்தான். அதை நாம் வாயால் சொல்ல வைத்தால் அடுத்த முறை பூந்தொட்டி வரைவான்.

அப்படியானால் என்ன கேட்பது? படத்தைப் பற்றிக் கேளுங்கள், பிள்ளையைப் பற்றி வேண்டாம். ‘சுவருக்கு ஏன் இந்த நீலம்?’ ‘இந்த விளக்கை எங்கே வைப்பது என்று எப்படி முடிவு செய்தாய்?’ இவை ஓவியனிடம் ஓவியன் கேட்கும் கேள்விகள். பதில் வந்தால் கேட்டுக்கொள்ளுங்கள். வராவிட்டால் ‘நல்ல நீலம்’ என்று சொல்லிவிட்டு நகருங்கள். படத்தில் அடியோ அச்சமோ தெரிந்தால் அது வேறு சங்கதி. தனியாக, பதற்றமில்லாமல் விசாரிக்க வேண்டும், தலைமையாசிரியருக்குச் சொல்ல வேண்டும், தேவைப்பட்டால் 1098-க்கு அழைக்க வேண்டும். அதையும் ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்து முடிவுகட்டிவிடக் கூடாது.

பாடம் எடுப்பதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. பானையை நாம் தேர்ந்தெடுக்காமல் பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். வீட்டில் தினமும் கைபடும் பொருளாக இருந்தால் நல்லது. காப்பிப் பழம் பறிக்கும் கூடை, மழைக்குத் தலையில் போடும் சாக்குக் கொங்காணி, முறம், பாட்டியின் சுருக்குப்பை, டார்ச் லைட். தாளில் அதை எங்கே வைப்பது என்பதைத்தான் முதலில் பேச வேண்டும். நடுவில் வைத்தால் ஒன்று சொல்லும், மூலையில் வைத்தால் வேறொன்று சொல்லும். கோகெனுக்காக வரைந்த சூரியகாந்திகள் தாளை அடைத்துக்கொண்டு நிற்கும். பிறகு நிறம். பொருளின் நிறம் அப்படியே வேண்டும் என்று கட்டாயம் இல்லை, பின்னணிக்கு ஒரே ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னாலே போதும், வகுப்பில் நாற்பது மனம் நாற்பது விதமாக வெளியே வரும். கிரேயான் போதும். வண்ணப்பெட்டியில் மஞ்சள் மட்டும் மீதமிருந்தால் மஞ்சளை வைத்தே பாடம் எடுக்கலாம், சூரியகாந்தி அதற்குத்தானே இருக்கிறது. ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்கு முக்கியமானதைப் பெரிதாக வரைவார்கள். வீட்டைவிடப் பெரிய சோற்றுப் பானையைப் பார்த்தால் திருத்தாதீர்கள்.

உயர்நிலைப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் இந்தப் படங்களைப் பெரிதாகக் காட்டலாம். வான் கோவின் நாற்காலி லண்டன் தேசியக் கலைக்கூடத்திலும், கோகெனின் நாற்காலி ஆம்ஸ்டர்டாமின் வான் கோ அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. இரண்டுமே தங்கள் இணையதளங்களில் படங்களைத் தெளிவாக வைத்திருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் நகலெடுத்து மட்டும் கொடுக்காதீர்கள், மஞ்சள் இல்லாத அந்த நாற்காலி வெறும் நாற்காலிதான். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, யார் உட்காரும் நாற்காலி எது என்று மட்டும் கேளுங்கள். ஓவியர் பெயரையோ பிறந்த ஆண்டையோ அப்போது சொல்ல வேண்டாம். இரண்டு படத்திலும் ஆள் இல்லை என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

மதிப்பெண் பற்றிப் பலர் கேட்பீர்கள். அளவுக்கும் நிழலுக்கும் போடுங்கள், அது கற்றுக்கொடுத்த திறன். மனத்துக்கு மதிப்பெண் போட முடியாது. அந்தப் பக்கத்தில் மதிப்பெண்ணுக்குப் பதில் ஒரு வரி எழுதுங்கள், படத்தில் நீங்கள் பார்த்ததை. ‘விளக்கு தூரத்திலிருந்தே தெரிகிறது’ என்று எழுதினால் போதும்.

இப்போது என் பேச்சு போதும். இங்கே முன்னால் ஒரு மேசை காலியாக இருக்கிறது. உங்கள் பையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதன்மேல் வையுங்கள். சாவிக்கொத்து, சாப்பாட்டு டப்பா, மாத்திரை அட்டை, கண்ணாடிக் கூடு, எதுவானாலும் சரி. உங்கள் பொருளைத்தான் நீங்கள் வரைய வேண்டும் என்று இல்லை, அடுத்தவர் பொருளையும் வரையலாம். ஆளுக்கு ஒரு தாள், ஒரு கிரேயான். ரப்பர் தரப்போவதில்லை. பதினைந்து நிமிடம்.